கடலட்டை வழக்கில் 75 நாள்: ஒரு தண்டனை மேல்முறையீட்டின் நிகழ்வு ஆய்வு

கடலட்டை (கடலடியில் ஊர்கிற, பிடிக்கவும் விற்கவும் தடையுள்ள உயிரினம்) வழக்கில் தண்டனை வாங்கியவரின் குடும்பம் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: "மூணு வருசத்த கொஞ்சம் கொறைக்க முடியுமா சார்?" முடியாது. அவர் எந்தத் தேதியில் வெளியே வருவார் என்பதை வேண்டுமானால் மாற்றலாம். இந்த ஆய்வு முழுக்க அந்தத் தேதியைப் பற்றியது.

முதலில் ஒரு விளக்கம். கீழே வருகிற வழக்கு ஒரே ஒரு மனிதருடையது அல்ல. மண்டபத்திலிருந்து ஏர்வாடி வரை இந்தக் கரையில் திரும்பத் திரும்ப வருகிற வழக்குகளின் அச்சில் கட்டியது. நாள் கணக்கும் கணக்குக்காகப் போட்டதுதான். சட்டப் பிரிவுகளும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன. மேல்முறையீட்டாளரை 'அவர்' என்றே சொல்லிப் போகிறேன்.

அவர் சங்குகுளிக்காரர். மன்னார் வளைகுடாவில் கடலட்டை ஒரு காலத்தில் ஒளித்துச் செய்கிற தொழிலாக இருக்கவில்லை. சங்குக்கு மூழ்குகிறவர் கையில் அட்டையும் வரும். வாடியில் (பதப்படுத்துகிற கொட்டகையில்) அதைக் குடல் நீக்கி, அவித்து, மணலில் புதைத்து, கழுவிக் காயவைத்து வியாபாரியிடம் கொடுப்பார்கள். 2001இல் மத்திய அரசு கடலட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அன்றிலிருந்து சட்டத்தின் பார்வையில் அட்டையும் புலியும் ஒரே வரிசை. அதே அட்டை பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிற, பண்ணை வைத்து வளர்க்கிற பொருள். கள்ளக் கடத்தல் ஏன் நடக்கிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. பிடிபடுவது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் மூழ்கி எடுத்தவரும், அவித்தவரும், சாக்கைத் தூக்கியவரும். பணம் போட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அபூர்வம். இது என் அபிப்பிராயம். மேல்முறையீட்டு மனுவில் இதை எழுதிப் பயனில்லை, நாங்களும் எழுதவில்லை.

சம்பவங்கள்

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தார் ஓர் இரவு, கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டிருந்த வத்தை (சிறு படகு) ஒன்றில் காய்ந்த அட்டை மூட்டைகளைப் பிடித்தார்கள். ஒருவர் சிக்கினார், மற்றவர்கள் தண்ணீரில் குதித்துத் தப்பிவிட்டார்கள். சரக்கும் ஆளும் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட, ஒரு வழக்குப் பதிவானது. ஒன்பது நாள் கழித்து வனச்சரகர் குழு ஒரு பனங்காட்டு வாடிக்குள் நுழைந்தபோது அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அண்டாவில் அட்டை வெந்துகொண்டிருந்தது. நம்மவர் அங்கேதான் பிடிபட்டார். இது தனி வழக்கு. பதிவான வரிசையில் இது இரண்டாவது. ஆனால் அவர் முதலில் கைதானதும் முதலில் தண்டனை பெற்றதும் இதில்தான். அதனால் இதை 'வாடி வழக்கு' என்றும் மற்றதை 'வத்தை வழக்கு' என்றும் சொல்கிறேன்.

கைதான நாளை 1ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். வாடி வழக்கில் ரிமாண்ட் ஆகி ராமநாதபுரம் மாவட்டச் சிறைக்குப் போனார். வத்தையில் சிக்கியவர் தன் வாக்குமூலத்தில் இவர் பெயரையும் சொல்லியிருந்தார். அதை வைத்து வத்தை வழக்கிலும் இவரைச் சேர்த்து, பி.டி. வாரண்ட் (வேறு வழக்கில் சிறையில் இருப்பவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் ஆணை) வாங்கி, 46ஆம் நாள் சிறையிலிருந்தே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து கைது காட்டினார்கள். வீட்டுக்கு இது தெரியாது. வாடி வழக்கில் பெயில் கிடைத்ததும் அண்ணன் அலைந்து திரிந்து இரண்டு ஜாமீன்தாரைப் பிடித்து, வீட்டு வரி ரசீதும் ரேஷன் கார்டும் சேர்த்து, 120ஆம் நாள் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறை வாசலில் போய் நின்றார். தம்பி வெளியே வரவில்லை. "இன்னொரு கேஸ் இருக்குல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வத்தை வழக்கில் பெயில் வாங்கி, ஜாமீன் கொடுத்து, ஆள் வெளியே வந்தது 200ஆம் நாள்.

ஆக, வாடி வழக்கில் அவர் காவலில் இருந்தது 1 முதல் 120 வரை, 120 நாள். வத்தை வழக்கில் 46 முதல் 200 வரை, 155 நாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது 46 முதல் 120 வரை, 75 நாள். இந்த 75 நாள்தான் பிறகு சண்டைக்கு வந்தது.

இரண்டு வழக்கும் ஒரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடந்தன. வாடி வழக்கில் முதலில் தீர்ப்பு வந்தது: 3 ஆண்டு கடுங்காவல், 10,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் 6 மாதம் மெய்க்காவல், ஏற்கெனவே சிறையிலிருந்த 120 நாளைக் கழித்துக்கொள்ளலாம். ஆள் மதுரை மத்தியச் சிறைக்குப் போனார். அங்கிருந்து 240 நாள் ஆனபோது வத்தை வழக்கிலும் தீர்ப்பு. அதில் குற்றச்சாட்டு இரண்டு: வேட்டையாடியது, அட்டவணை விலங்கின் பொருளை வியாபாரத்துக்கு வைத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டு, 10,000 ரூபாய், தவறினால் 6 மாதம். "தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்" என்று ஒரு வரி. அப்புறம் கழிவைப் பற்றி ஒரு வரி: 46 முதல் 120 வரையான நாட்கள் வேறு வழக்கில் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டதால் அவற்றை விட்டு, 80 நாள் மட்டும்.

தரையும் கூரையும்

சம்பவம் நடந்தபோது அமலில் இருந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்குப் பிரிவு 51 விதிக்கிற குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறை, 10,000 ரூபாய் அபராதம். அதிகபட்சம் 7 ஆண்டு. இதை விசாரித்தவர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 29இன்படி அவரால் கொடுக்க முடிந்த அதிகபட்சம் 3 ஆண்டு, 10,000 ரூபாய். சட்டம் போட்ட தரையும் மாஜிஸ்திரேட்டின் கூரையும் ஒரே உயரத்தில் இருந்தன. குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு, 10,000 ரூபாய் என்பதைத் தவிர வேறு எண் எழுதவே அவருக்கு வழியில்லை. அதற்கு மேல் தண்டனை தேவை என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தச் சட்டம் குறைந்தபட்ச அபராதத்தை 25,000 ஆக்கியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அபராத வரம்பை 50,000 ஆக்கியிருக்கிறது. சிறைக் கணக்கில் மாத்திரம் தரையும் கூரையும் இன்னும் அப்படியே.

'இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்துவிடுங்கள்' என்று கேட்கிற வழக்கம் நம் நீதிமன்றங்களில் நன்றாக ஊறிப்போனது. அடிதடி வழக்கில் கேட்கலாம். குறைந்தபட்சத் தண்டனை உள்ள சட்டத்தில் கேட்டால் எழுதிய காகிதம்தான் வீண். மத்தியப் பிரதேச அரசு எதிர் விக்ரம் தாஸ் வழக்கில் (2019) உயர் நீதிமன்றம் இப்படிக் குறைத்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் குறைந்தபட்சம் சொன்ன இடத்தில் அதற்குக் கீழே இறங்க எந்த நீதிமன்றத்துக்கும் இடமில்லை என்றது. நன்னடத்தைப் பிணையும் கிடையாது. அட்டவணை விலங்குப் பொருள் வியாபாரத்தில் தண்டனை பெற்ற, 18 வயது தாண்டியவருக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்று பிரிவு 51(5) கதவைச் சாத்தியிருக்கிறது.

அப்படியானால் மேல்முறையீட்டில் அசைக்கக்கூடியவை மூன்றே மூன்று. இரண்டு வழக்குத் தண்டனையும் சேர்ந்து ஓடுமா, அடுத்தடுத்தா? காவலில் இருந்த நாளில் எத்தனை கழியும்? அபராதம் கட்டாவிட்டால் எவ்வளவு? ராமநாதபுரம் செஷன்ஸ் நீதிமன்றத்தில் போட்ட மேல்முறையீட்டில் குற்ற நிரூபணத்தையும் எதிர்த்தோம், அது கடமைக்கு. சரக்கு மேசைமீது இருந்தது, நிபுணர் அறிக்கை இருந்தது, அந்த வாதம் ஒரு பத்தியில் முடிந்துபோனது.

'ஏககாலம்' என்ற அந்த ஒரு வரி

வத்தை வழக்குத் தீர்ப்பில் 'ஏககாலத்தில்' என்று எழுதியிருந்ததால், வாடி வழக்கும் சேர்த்து எல்லாமே 3 ஆண்டுக்குள் முடிந்துவிடும் என்று குடும்பம் நிம்மதியாக இருந்தது. இது அடிக்கடி நடக்கிற குழப்பம். ஒரே விசாரணையில் பல குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும்போது அவை சேர்ந்து ஓட வேண்டும் என்று சொல்ல இடம் கொடுப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 31. அந்த வரி வத்தை வழக்கின் இரண்டு குற்றச்சாட்டுக்கு மட்டும் உரியது. ஏற்கெனவே வேறு வழக்கில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவருக்கு அடுத்த வழக்கில் வருகிற தண்டனையைப் பற்றிப் பேசுவது அதன் பிரிவு 427, புதிய சட்டத்தில் 467. அந்தப் பிரிவின் விதி கண்டிப்பானது: நீதிமன்றம் தெளிவாக வேறு மாதிரி சொல்லாவிட்டால், முந்தைய தண்டனை முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். தீர்ப்பு மௌனமாக இருந்தால் அடுத்தடுத்து என்றே பொருள். சிறை அலுவலகம் சரியாகவே படித்து, விடுதலைத் தேதியை வெகு தூரத்தில் குறித்து வைத்திருந்தது.

அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறையில் ஆண்டு, மாதக் கணக்கில்தான் பார்ப்பார்கள். இங்கே எளிமைக்காக 3 ஆண்டை 1,095 நாள் என்று எடுத்துக்கொள்கிறேன், தண்டனைக் குறைப்பு நாட்களை விட்டுவிடுகிறேன். வாடி வழக்குத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால், 120 கழிந்து அந்தத் தண்டனை 975ஆவது நாள் முடிகிறது. வத்தை வழக்குத் தண்டனை அன்றுதான் தொடங்கும். 80 கழித்தால் இன்னும் 1,015 நாள். விடுதலை 1,990ஆவது நாள். சேர்ந்து ஓடினால் வத்தை வழக்குத் தண்டனை தீர்ப்பு வந்த 240ஆவது நாளிலேயே தொடங்கிவிடும். 80 நாள் கழிவோடு 1,255இல் முடியும், 155 நாள் கழிவோடு 1,180இல் முடியும். ஏககாலம் கிடைப்பதால் மட்டும் மிச்சம் 735 நாள். மற்ற 75 நாள் கழிவுச் சண்டையில்.

ஏககாலம் கேட்பதற்கு வறுமையும் பிள்ளைகளின் படிப்பும் போதாது. வி.கே. பன்சால் வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்கும் ஒரே நடவடிக்கையின் பகுதிகளா என்பதைத்தான் அளவுகோலாக வைத்தது. முகமது ஜாகித் வழக்கில் (2021) இன்னும் கறாராக, வெவ்வேறு நடவடிக்கை, வெவ்வேறு குற்ற எண் என்றால் பொதுவாக அடுத்தடுத்துதான் என்றது. அது போதைப்பொருள் வழக்கு. ஆனால் பிரிவு 427 பற்றி அது வகுத்த விதி எல்லா வழக்குக்கும் பொருந்தும். அரசுத் தரப்பு அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு நாள், வேறு இடம், ஒன்று தண்ணீரில் ஒன்று கரையில், வேறு சாட்சிகள் என்று அடுக்கியது. அடுக்கியது எல்லாம் உண்மை.

எங்களுக்கு உதவியது அரசுத் தரப்பின் சொந்தக் காகிதம். வத்தை வழக்கில் இவரைச் சேர்த்ததற்கு ஆதாரமே, 'பிடிபட்ட மூட்டைகள் அந்தப் பனங்காட்டு வாடியில் அவித்துக் காய்ந்தவை' என்கிற வாக்குமூலம். வனத்துறையின் புகாரிலேயே அது எழுதப்பட்டிருந்தது. விசாரணையின்போது குறுக்கு விசாரணையில், வத்தையில் இருந்த சாக்குகளும் வாடியில் எடுத்த காலிச் சாக்குகளும் ஒரே மாதிரித் தைக்கப்பட்டிருந்தன என்று ரேஞ்சர் ஒப்புக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது அரசுக்குச் சாதகமான பதில். அதை வைத்துத்தான் மாஜிஸ்திரேட் இவரை வத்தையோடு இணைத்துத் தண்டித்தார். இணைக்க வேண்டிய நேரத்தில் ஒரே சரக்கு, தண்டனையைச் சேர்க்க வேண்டிய நேரத்தில் இரண்டு சரக்கா என்று கேட்டோம். செஷன்ஸ் நீதிமன்றம் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது. ஒரே வாடியில் பதப்படுத்திய ஒரே சரக்கின் இரண்டு பகுதிகள் என்பது அரசுத் தரப்பின் வழக்கே ஆகையால், பிரிவு 427இன்கீழ் இரண்டு தண்டனையும் சேர்ந்து ஓட உத்தரவிட்டது. குற்ற நிரூபணத்தில் நமக்கு எதிராகப் போகிற சாட்சியத்தைத் தண்டனைக்காகப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது பலருக்குத் தோன்றுவதில்லை.

நடுவில் அரசுத் தரப்பு ஒரு எதிர்க்கணை விட்டுப் பார்த்தது. இது 'இரண்டாவது குற்றம்', அதனால் அன்றைய சட்டப்படியே அபராதம் 25,000க்குக் குறையக் கூடாது என்றது. வத்தைச் சம்பவம் நடந்தபோது இவருக்கு முந்தைய தண்டனை எதுவும் இல்லை. மேலும், தண்டனை போதாது என்று அரசு தனியாக மேல்முறையீடு செய்யவும் இல்லை. அது நிற்கவில்லை.

75 நாள்

காவலில் இருந்த காலத்தைத் தண்டனையில் கழிப்பது நாம் நினைக்கிற அளவு பழைய உரிமை இல்லை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தப் பிரிவே கிடையாது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதிதாக வந்தது பிரிவு 428, இப்போது 468. விசாரணைக் கைதியாக ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்துவிட்டுத் தண்டனையையும் முதலிலிருந்து தொடங்குகிற கொடுமையைத் தடுப்பதற்காக வந்தது. நீதிபதி மனமிரங்கிக் கொடுப்பதல்ல. 'கழிக்கப்பட வேண்டும்' என்று சட்டமே சொல்கிறது. பாகிரத் வழக்கில் (1985) ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆயுள் தண்டனைக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

சிக்கல் 'அதே வழக்கின் புலன்விசாரணை, விசாரணையின்போது' என்கிற சொற்றொடரில். அண்ணன் கேட்டது இதைத்தான்: "சார், தம்பி ஒரே ஜெயில்லதான இருந்தான்? இந்த கேசுக்கு ஒரு ரூம், அந்த கேசுக்கு ஒரு ரூம்னு மாறி மாறியா படுத்திருந்தான்?"

மகாராஷ்டிர அரசு எதிர் நஜாகத் அலியா முபாரக் அலி வழக்கில் (2001) மூன்று நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது கிட்டத்தட்ட அண்ணன் கேட்ட கேள்விக்கான பதில். ஒரு வழக்கில் காவல் தொடங்கிய பிறகு அவர் சிறையில் இருந்த காலம் அந்த வழக்கின் தண்டனையில் கழிய வேண்டும், அதே நேரத்தில் வேறு வழக்குக்காகவும் அவர் உள்ளே இருந்தார் என்பதால் அது இல்லாமல் போகாது. 'அந்த வழக்குக்காக மட்டும்' என்று சட்டத்தில் எழுதவில்லை, நாம் ஏன் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு மாறாக இருந்த 1984ஆம் ஆண்டு ரக்பீர் சிங் தீர்ப்பும் அத்தோடு போனது.

அரசுத் தரப்பு காட்டியது அதுல் மனுபாய் பரேக் வழக்கை (2010). அங்கே இரண்டு நீதிபதிகள் அமர்வு, அந்தந்த வழக்கில் இருந்த காவலை மட்டுமே அந்தந்த வழக்கில் கழிக்கலாம் என்றது. தண்டனைகள் அடுத்தடுத்து ஓட வேண்டியிருக்க, ஒரே நாளை இரண்டு தடவை கழித்தால் பிரிவு 427க்கு என்ன அர்த்தம் என்கிற கவலை அதன் அடியில் இருக்கிறது. கவலை நியாயமானதுதான். பெரிய அமர்வின் தீர்ப்புதான் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் செஷன்ஸ் நீதிபதி இரண்டையும் படித்துவிட்டு, அடுத்தடுத்து ஓடுகிற தண்டனையில் 75 நாளை இரண்டு முறை கழித்தால் இரட்டைச் சலுகை ஆகாதா என்று கேட்டார். அங்கேதான் வாதங்களை அடுக்கிய வரிசை கைகொடுத்தது. முதலில் ஏககாலம், பிறகுதான் கழிவு. இரண்டு தண்டனையும் சேர்ந்து ஓடும் என்று ஆகிவிட்டால், இன்று அவர் கழிக்கிற ஒவ்வொரு நாளும் இரண்டு கணக்கிலும் ஏறுகிறது. அப்படியிருக்க, அன்று இரண்டு ரிமாண்டின் கீழும் கழித்த நாள் மட்டும் ஏன் ஒரு கணக்கில் ஏற வேண்டும்? கேள்விக்குப் பதில் வரவில்லை. 155 நாளும் கிடைத்தது.

கவனிக்க வேண்டியது: 1 முதல் 45 வரையான நாட்களை வத்தை வழக்கில் நாங்கள் கேட்கவே இல்லை. வத்தை வழக்கு பதிவாகியிருந்தது, ஆளும் உள்ளே இருந்தார், ஆனால் அந்த வழக்கில் அவரைக் கைது காட்டவில்லை. வழக்குப் பதிவான தேதியிலிருந்து கழிவு ஓடாது, அந்த வழக்கில் காவல் தொடங்கிய நாளிலிருந்துதான் ஓடும். ஆந்திர அரசு எதிர் அன்னே வெங்கடேஸ்வர ராவ் வழக்கிலேயே (1977) இது தீர்ந்துபோன விஷயம். தடுப்புக் காவலில் இருந்த காலம் விசாரணைக் காவல் ஆகாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. குண்டர் சட்டத்தில் உள்ளே இருந்தவர்களின் குடும்பம் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைவது வழக்கம். அதேபோல் வாடி வழக்கில் தண்டனை அனுபவித்த அந்த 240 நாளையும் வத்தை வழக்கில் கேட்கவில்லை. அப்போது வத்தை வழக்கில் அவர் பெயிலில் இருந்தார், விசாரணைக்குச் சிறையிலிருந்து கூட்டிவந்தார்கள், அவ்வளவே.

இந்த வாதமெல்லாம் நின்றது ஒரு காகிதத்தின் முதுகில். வத்தை வழக்கின் பி.டி. வாரண்டை நகல் எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நீதிமன்றத்தின் வழக்குக் கட்டிலிருந்து மூலத்தை வாங்கிப் புரட்டினால், பின்பக்கத்தில் ஊதா மையில் சிறையின் முத்திரை, ஆளை ஒப்படைத்த தேதி, திரும்பப் பெற்ற தேதி, கீழே மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் குறிப்பும் சுருக்கொப்பமும். 46ஆம் நாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்குப் பிறகு காணொளி மூலம் 15 நாளுக்கு ஒரு முறை ரிமாண்ட் நீட்டித்ததில் ஒரு தவணைக்கு வத்தை வழக்கின் கட்டில் குறிப்பே இல்லை, வாடி வழக்கின் கட்டில் மட்டும் இருந்தது. அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு அந்த 15 நாள் வத்தை வழக்கில் காவல் இல்லை என்றது. காவல் இல்லை என்றால் அந்த 15 நாளும் அவரை எந்த அதிகாரத்தில் வைத்திருந்தீர்கள், விடுவித்ததாக எங்கே எழுதியிருக்கிறது என்று நீதிபதி திருப்பிக் கேட்டார். குறிப்பு எழுத மறந்தது நீதிமன்ற அலுவலகம், அதற்குக் கைதி தன் நாளைக் கொடுக்க முடியாது என்று தீர்ப்பிலும் எழுதினார். சிறைக் கண்காணிப்பாளரின் காவல் சான்று இரண்டு வழக்கு எண்ணையும் தனித்தனியாகத் தேதியோடு காட்டியது பெரிய உதவி. ஒரே வரியில் 'இத்தனை நாள் இருந்தார்' என்று வந்திருந்தால் கதை வேறு.

அண்ணன் கொடுத்த ஜாமீன்

120ஆம் நாள் வாடி வழக்கில் கொடுத்த ஜாமீன் தம்பியை ஒரு நாள்கூட முன்னால் வெளியே கொண்டுவரவில்லை. ஆனால் அன்றோடு வாடி வழக்கின் காவல் கணக்கு நின்றுவிட்டது. வத்தை வழக்குக்காக உள்ளே இருந்த 121 முதல் 200 வரையான 80 நாள், வாடி வழக்கைப் பொறுத்தவரை பெயிலில் இருந்த நாட்கள். இரண்டு பெயிலும் கைக்கு வந்த பிறகு ஒரே நாளில் பிணைப்பத்திரம் கொடுத்திருந்தால் அந்த 80 நாளும் வாடி வழக்கிலும் கழிந்திருக்கும். தண்டனைகள் அடுத்தடுத்து ஓடியிருந்தால் அது 80 நாள் நஷ்டம். சேர்ந்து ஓடும்போது கடைசித் தேதியை வத்தை வழக்கே தீர்மானிப்பதால் இங்கே அது தானாக அடங்கிப்போனது. இரண்டு வழக்கு உள்ளவருக்கு ஒன்றில் மட்டும் அவசரப்பட்டு ஜாமீன் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜாமீன்தார் கிடைக்காமல் கிடப்பவர்களுக்கு 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியிருக்கிறது: பெயில் உத்தரவு வந்து 7 நாளுக்குள் கைதி வெளியே போகாவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதமாகியும் பிணைப்பத்திரம் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே யோசிக்கலாம். புதிய சட்டத்தின் பிரிவு 479, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவரை மூன்றில் ஒரு பங்கு காலத்தில் விடச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு அது கிடையாது என்று அதே பிரிவு அடுத்த வரியில் பிடுங்கிக்கொள்கிறது. ஒரே சரக்கை இரண்டு வழக்காகப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது வத்தை வழக்குத் தண்டனையை நிறுத்தி வைக்க மனுப் போடச் சொல்லிக் குடும்பம் கேட்டது. போடவில்லை. வாடி வழக்கில் எப்படியும் உள்ளேதான் இருக்கப்போகிறார். தண்டனையை நிறுத்தி வைத்து விடுவித்ததாக ஆகிவிட்டால் அந்தக் காலம் தண்டனைக் கணக்கில் சேராது என்று பழைய சட்டத்தின் பிரிவு 389(4) சொல்கிறது. உள்ளே இருந்துகொண்டே நாளை இழக்க வேண்டி வரும். மனு போட வேண்டாம் என்று சொல்கிற வக்கீலைக் குடும்பம் சந்தேகமாகத்தான் பார்க்கும், பார்த்தார்கள்.

அபராதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அபராதம் கட்டாததற்கான சிறை, தண்டனை அல்ல, கட்டவைப்பதற்கான நெருக்கடி. அதனால் 428இன் கழிவு அதற்குக் கிடையாது, சட்டத்திலேயே விலக்கியிருக்கிறது. சேர்ந்து ஓடவும் ஓடாது. சரத் ஹிரு கோலாம்பே வழக்கு (2018) அதைத் தெளிவாக்கியது. வத்தை வழக்கில் இரண்டு குற்றச்சாட்டுக்கும் 6 மாதம், 6 மாதம் என்று ஒரு முழு வருடம் தனியாக நின்றது. மாஜிஸ்திரேட்டின் வரம்பு, அவர் கொடுக்கக்கூடிய தண்டனையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது ஒவ்வொன்றுக்கும் 9 மாதம். ஆக 6 மாதம் சட்டவிரோதம் இல்லை, ஆனால் 10,000 ரூபாய்க்கு மிக அதிகம். சாந்திலால் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்குப் போட்ட 3 ஆண்டை 6 மாதமாகக் குறைத்ததைக் காட்டினோம். ஒவ்வொன்றும் ஒரு மாதமாகக் குறைந்தது.

வாடி வழக்குத் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடே போடாததால் அதன் 6 மாதம் அப்படியே நின்றது. தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளில் போட்டிருக்க வேண்டும். சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் மூலம் போடலாம், காவலில் இருப்பவருக்குச் சட்ட உதவி வக்கீலும் உண்டு. யாரும் அப்போது சொல்லவில்லை போலிருக்கிறது. மூன்று அபராதமும் சேர்த்து 30,000 ரூபாயைக் குடும்பம் கட்டிவிட்டது. பாதி கட்டினால் அந்த விகிதத்துக்கு நாள் குறையும் என்பதால் தவணையாகவும் கட்டியிருக்கலாம். அண்ணன் மொத்தமாகவே கட்டினார்.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பில் எழுதியது சிறைக் கணக்கில் ஏறுகிற வரை எதுவும் மாறாது. செஷன்ஸ் நீதிமன்றம் திருத்திய தண்டனை வாரண்டை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மதுரைச் சிறைக்குப் போக வேண்டும். வாரண்டில் 'பிரிவு 427இன்படி' என்பதையும் வாடி வழக்கின் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லித் தனியாக மெமோ கொடுத்தோம். வெறுமனே 'ஏககாலத்தில்' என்று மட்டும் போனால் பழைய குழப்பம் மறுபடி வரும். குடும்பத்தார் மனு போட்டு அவரைச் சிறையில் பார்க்கப் போகும்போது விடுதலைத் தேதியைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். முதல் தடவை பழைய தேதியே சொன்னார்கள், வாரண்ட் இன்னும் வரவில்லையாம். இரண்டாம் தடவை போனபோது ஏககாலம் ஏறியிருந்தது, கழிவு 80 நாளாகவே இருந்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகலில் அந்தப் பத்தியைக் கோடிட்டுக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் 155 ஆனது. அரசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சீராய்வுக்குப் போகவில்லை. தண்டனைக் குறைப்பு நாட்கள் சிறை விதிப்படி தனியாகச் சேரும், அது இந்த ஆய்வில் இல்லை.